மலைச்சரிவில் மண்ணும் பாறையும் ஏன் கீழே இறங்குகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஊர்க்கூட்டங்களிலும் பள்ளிகளிலும் மண்சரிவு குறித்துப் பேசப் போகும்போதெல்லாம், ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளையும் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் சில விடைகள் முன்னவற்றைச் சார்ந்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. மண் அரிப்பு, மண்சரிவு, நிலச்சரிவு எல்லாம் ஒன்றுதானே சார்?

பின் இரண்டும் பேச்சில் ஒன்றுதான். நாளிதழ்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. இலங்கையில் எல்லாவற்றுக்கும் மண்சரிவு என்றே பெயர். மூணாறு பக்கத்துத் தமிழர்கள் மலையாளத்து உருள்பொட்டலையும் சேர்த்துக்கொள்வார்கள். அரிப்பு மட்டும் வேறு. அரிப்பில் மண்ணைச் சுமந்து செல்ல நீரோ காற்றோ பனிப்பாறையோ வேண்டும். மண் துகள் துகளாகப் போகும். சரிவுக்குச் சுமப்பவர் தேவையில்லை. மண்ணும் பாறையும் தம் எடையாலேயே, ஒரு திரளாக இறங்கிவிடும்.

ஆனால் இரண்டும் கூட்டாளிகள். ஓடை கரையின் அடியை அரித்து எடுக்க, மேலே இருப்பது பிடிமானமின்றிச் சரிகிறது. சரிந்து குவிந்ததை அதே ஓடை அடுத்த வெள்ளத்தில் அள்ளிச் செல்கிறது. அடி மீண்டும் வெறுமையாகிறது. மலைப்பள்ளத்தாக்குகள் அகலமாவது பெரும்பாலும் இந்த முறையில்தான்.

2. புவியீர்ப்பு எப்போதும்தான் இருக்கிறது. அப்படியென்றால் மலை ஏன் தினமும் சரியவில்லை?

இந்தக் கேள்வி பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிது. சாய்தளத்தில் நிற்கும் எந்தப் பொருளின் எடையும் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு சரிவின் வழியே கீழே இழுக்கிறது, மறு பங்கு அந்தப் பொருளைத் தளத்தோடு அழுத்துகிறது. 100 கிலோ கல் 20 பாகைச் சாய்வில் இருந்தால், இழுக்கும் பங்கு ஏறத்தாழ 34 கிலோ, அழுத்தும் பங்கு 94 கிலோ. 30 பாகையில் 50க்கு 87. 45 பாகையில் இரண்டும் 71 என்று சமமாகிவிடும். அழுத்தம்தான் உராய்வைத் தருகிறது. மண்துகள்களின் ஒட்டுதலும் வேர்களின் பின்னலும் அந்த உராய்வோடு சேர்ந்து பிடிமானம் ஆகின்றன. பிடிமானம் இழுப்பைவிட அதிகமாக இருக்கும்வரை மலை நிற்கும்.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டை என்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பாறையை நினைத்துப் பாருங்கள். சுமார் 250 டன் எடையுள்ள அது, சறுக்குமரம் போன்ற சரிவில் எந்த நொடியிலும் உருளப்போவதுபோல நிற்கிறது. 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்க வைத்தும் அது அசையவில்லை என்று சொல்லப்படுகிறது. அதன் அடிப்பகுதி பார்வைக்குத் தெரிவதைவிட அகலமாகத் தரைப்பாறையில் படிந்திருக்கிறது. எடையின் மையக்கோடு அந்த அடிக்குள்ளேயே இறங்குகிறது. அடியில் உராய்வும் இருக்கிறது. அங்கும் புவியீர்ப்பு விடுமுறை எடுக்கவில்லை, பிடிமானம் வென்றுகொண்டிருக்கிறது, அவ்வளவே.

3. மழையில் மண் ஊறிக் கனமாகிறது, அதனால்தான் சரிகிறது. சரிதானே?

பாதி சரி. மண் கனமாகிறது என்பது உண்மை. ஆனால் முந்தைய விடையைத் திரும்பப் பாருங்கள்: எடை கூடும்போது இழுக்கும் பங்கு கூடுவதுபோல அழுத்தும் பங்கும், அதனோடு உராய்வும் கூடுகின்றன. உராய்வை மட்டுமே நம்பி நிற்கும் மண்ணில் இந்த இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடும். களிமண்ணின் ஒட்டுதலையும் நம்பி நிற்கும் சரிவில் எடைக்குச் சற்றுக் கூடுதல் பங்கு உண்டு. ஆயினும் முதன்மைக் காரணம் அதுவன்று.

காரணத்தைச் சமையலறையிலேயே பார்க்கலாம். கொதிநீரில் அலசிய டம்ளரைச் சற்று ஈரமான கருங்கல் மேடையில் கவிழ்த்து வையுங்கள். சில நேரம் அது யாரும் தொடாமலே வழுக்கிக்கொண்டு போகும். டம்ளரின் எடை குறையவில்லை, மேடையின் சாய்வும் கூடவில்லை. விளிம்பில் உள்ள நீர் அடைப்பாக நிற்க, உள்ளே சூடாகி விரிந்த காற்று டம்ளரின் எடையில் ஒரு பகுதியை அடியிலிருந்து தாங்கிக்கொள்கிறது. தாங்கிய அளவுக்கு விளிம்பு மேடையை அழுத்துவது குறைகிறது, உராய்வும் குறைகிறது.

மலையில் அந்தக் காற்றின் வேலையை நீர் செய்கிறது. துகள்களின் இடைவெளிகள் முழுவதும் நீர் நிறைந்து வெளியேற வழியில்லாமல் போனால், அந்த நீரின் அழுத்தம் துகள்களைப் பிரித்துத் தள்ளுகிறது. இதைத் துளைநீர் அழுத்தம் என்கிறோம். துகளுக்குத் துகள் கடத்தப்படும் அழுத்தம்தான் மண்ணின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பதை 1920களில் கார்ல் டெர்சாகி என்னும் பொறியாளர் விளக்கினார். இன்றைய மண் பொறியியல் அதன்மேல்தான் நிற்கிறது. மழை மண்ணை இழுப்பதில்லை. இழுப்பது எப்போதும்போலப் புவியீர்ப்புதான். மழை பிடியைத் தளர்த்துகிறது.

4. கடற்கரையில் ஈர மணலில்தானே வீடு கட்ட முடிகிறது? நீங்கள் ஈரம் ஆபத்து என்கிறீர்களே?

நல்ல கேள்வி, பெரும்பாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பது. உலர்ந்த மணலைக் குவித்தால் அது 30 முதல் 35 பாகைக்கு மேல் நிற்காது. அதற்குமேல் கொட்டக் கொட்டச் சரிந்து அதே சாய்வுக்கு வந்துவிடும். சற்று ஈரமானால், துகள்களுக்கிடையே மெல்லிய நீர்ப்பாலங்கள் உருவாகி, நீரின் மேற்பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் செங்குத்துச் சுவர்கூட நிற்கிறது. இன்னும் நீர் ஊற்றினால் இடைவெளிகள் நிரம்பி, நீர்ப்பாலங்களே இல்லாமல் போகின்றன. இழுத்துப் பிடித்த அதே நீர் இப்போது தள்ளிப் பிரிக்கிறது.

கோடையில் செங்குத்தாக வெட்டிய மண் சுவர், “பார்த்தீர்களா, எப்படி நிற்கிறது” என்று உரிமையாளர் பெருமைப்படும்படி நிற்பதற்கும், அதே சுவர் கார்த்திகையில் வீட்டின் பின்கட்டில் கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

5. மலை என்றால் பாறைதானே? இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது?

பாறையிலிருந்துதான். நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய, கடினமான பாறை. ஆனால் மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சற்று அமிலத்தன்மையோடு விரிசல்களில் இறங்கி, பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்களைக் களிமண்ணாக மாற்றுகிறது. வெயிலிலும் குளிரிலும் விரிசல் அகல்கிறது, வேர் நுழைகிறது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகப் பல தலைமுறைகள் ஆகும் வேலை இது.

குன்னூர் மலைப்பாதையில் புதிதாக வெட்டிய ஓரம் எதையாவது கவனியுங்கள். மேலே சிவந்த மண். அதன் கீழே வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு கலந்த மென்மையான அடுக்கு. விரலில் தேய்த்தால் சோப்புபோல வழுக்கும். லித்தோமார்ஜ் எனப்படும் களிமண் அது. அதற்கும் கீழே, சிதையாமல் எஞ்சிய உருண்டைக் கற்களும் அடிப்பாறையும். மேல்மண்ணில் எளிதாக இறங்கும் நீர், களிமண்ணிலோ பாறையிலோ முட்டி நின்றுவிடுகிறது. 3ஆம் விடையில் சொன்ன அழுத்தம் அந்த எல்லையில்தான் ஏறுகிறது. சரிவுகளும் பெரும்பாலும் அங்கேதான் கழன்றுகொள்கின்றன.

6. ஒரு மழைத்துளி மண்ணை என்ன செய்துவிடப் போகிறது?

பெரிய துளி தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 8, 9 மீட்டர் வரை இருக்கும். சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அத்தனையும் துளிகள் வீசியவை. சமதளத்தில் நாலாபக்கமும் தெறிப்பதால் மண்ணுக்கு நட்டமில்லை. சாய்வில், மேல்பக்கம் தெறித்த துகள் அருகிலேயே விழும், கீழ்ப்பக்கம் தெறித்தது தொலைவில் விழும். ஒவ்வொரு துளிக்கும் மண் சற்றே கீழே நகர்கிறது. மழை விட்டபின் வெற்று நிலத்தில் குனிந்து பார்த்தால், சிறு கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் விரல்நுனி உயர மண் தூணின்மேல் குடை பிடித்ததுபோல நிற்கும். கல் மறைத்த இடம் மட்டும் மிஞ்சியது. சுற்றியிருந்த மண் அந்த உயரத்துக்குப் போய்விட்டது.

பிறகு நீர் படலமாக ஓடி, விரல் அகலக் கோடுகளாகச் சேர்ந்து, கோடுகள் பள்ளங்களாகின்றன. காரட்டும் உருளைக்கிழங்கும் போடும் சரிவுகளில், மேலிருந்து கீழாகப் பார் (மண்வரம்பு) பிடித்தால் அந்தக் கோடுகளை நாமே வெட்டிக்கொடுத்ததாகும். குறுக்கே, சமமட்டத்தில் பார் பிடித்தால் ஒவ்வொரு பாரும் ஒரு சிறு அணை. உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். குறுக்கே உழுவது முதுகு வலிக்கும் வேலை என்று விவசாயிகள் சொல்வதும் உண்மையே. அந்த வலியைக் கணக்கில் எடுக்காத அறிவுரை பலிப்பதில்லை.

7. மலை மெதுவாக ஊர்கிறது என்கிறீர்கள். கண்ணால் பார்க்க முடியுமா?

நகர்வதைப் பார்க்க முடியாது, நகர்ந்ததைப் பார்க்கலாம். மண் ஈரமாகும்போது சரிவுக்குச் செங்குத்தாக உப்புகிறது, காயும்போது ஏறத்தாழ நேர்கீழாக அமர்கிறது. இப்படி ஏறி இறங்குவதிலேயே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கீழே வந்துவிடும். மேல்மண் அடிமண்ணைவிட வேகமாக நகர்வதால் வேலிக்கம்பங்களும் மின்கம்பங்களும் கீழ்ப்பக்கமாகச் சாய்கின்றன. மரத்தின் அடி வளைந்து பின் நிமிர்கிறது. மரம் வெளிச்சம் தேடியும் வளையும் என்பதால் ஒற்றை மரத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பத்து மரம் ஒரே பக்கம் வளைந்து, தடுப்புச் சுவரும் வயிறு தள்ளி, கதவுகளும் சட்டத்தில் சிக்கத் தொடங்கினால் அது வேறு கதை.

மெதுவாக ஊர்வது மெதுவாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை. இத்தாலியின் வயோந்த் அணைக்கு மேலிருந்த டோக் மலை, அணையில் நீர் ஏற ஏற நெடுநாளாக ஊர்ந்துகொண்டிருந்தது. இறுதி நாள்களில் அந்த நகர்வு நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் வரை கூடியது. 1963 அக்டோபர் 9 இரவில் 26 கோடி கன மீட்டருக்குக் குறையாத பாறை ஒரு நிமிடத்துக்குள் நீர்த்தேக்கத்தில் இறங்கியது. அணை உடையவில்லை. அதன்மேல் தாவிய அலை கீழிருந்த ஊர்களை அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள்.

8. எல்லாச் சரிவும் ஒரே மாதிரிதான் வருமா?

இல்லை. செங்குத்துப் பாறையிலிருந்து கற்கள் கழன்று விழுவது ஒரு வகை. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான மலை ரயில் பாதையில் அடிக்கடி நேர்வது. ஒரு மண்திட்டு அப்படியே, மேலிருக்கும் தேயிலைச் செடிகளோடு வழுக்கி இறங்குவது இன்னொரு வகை. இதில் மேலே பிறை வடிவில் வெட்டுக்காயம்போல ஒரு வடு தெரியும். மூன்றாவது, மண்ணும் கல்லும் நீரும் மரமும் கலந்து கூழாகி, ஓடைவழியே பாய்வது. உயிர்ச்சேதத்தில் கொடியது இதுவே. வேகம் ஆண்டுக்கு மில்லிமீட்டர் முதல் நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் வரை இருக்கலாம். நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால், கண்ட பிறகு ஓடித் தப்புவது பெரும்பாலும் நடவாது.

9. எங்கள் வீடு சரிவில் இல்லை, கீழே சமதளத்தில் ஓடையோரம். எங்களுக்கென்ன பயம்?

என்னைக் கேட்டால், மற்ற எல்லாரையும்விட இவரிடம்தான் அதிக நேரம் பேச வேண்டும். சரிவு தொடங்கும் இடம் வேறு, அது வந்து முடியும் இடம் வேறு. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் கழன்ற சரிவின் தலை ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில், ஆள் குடியிருப்பு இல்லாத காட்டில் இருந்தது. செயற்கைக்கோள் படங்களின்படி அங்கு 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்து, ஆற்றுவழியே சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் அந்த வழியில் இருந்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சூரல்மலையில் இருந்தவர்கள் தங்களை மலையடிவாரத்துக்காரர்களாகக்கூட நினைத்திருக்கமாட்டார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேரைக் கொண்டுபோனதும் மேலிருந்து வந்ததுதான். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலை வேலைக்குப் போன குடும்பத்தினர். தோட்டங்களில் நல்ல நிலம் தேயிலைக்குப் போய்விடும். தண்ணீர் வசதிக்காக லைன் வீடுகளை ஓடைக்கு அருகில் வரிசையாகக் கட்டுவார்கள். ஓடை என்பது நீர் போகும் வழி மட்டுமன்று. மலை இறங்கும் வழியும் அதுவே.

10. அவ்வளவு பெரிய பாறைகளைத் தண்ணீரா உருட்டிக்கொண்டு வந்தது?

வெறும் தண்ணீரால் முடிந்திராது. மண்ணும் கல்லும் கலந்த கூழ் நீரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. பாறையின் அடர்த்தி நீரைப்போல 2.7 மடங்கு என்பதால், இந்தக் கூழுக்குள் பாறை தன் எடையில் பெரும்பகுதியை இழந்து, பாதி மிதந்தபடி வருகிறது. மேலும் ஓடும் கலவையில் பெரிய கற்கள் மேலே வருவதும், மேலடுக்கு வேகமாக ஓடுவதால் அவை முன்முனைக்குத் தள்ளப்படுவதும் இயல்பு. முறத்தில் புடைக்கும்போது பெரியது ஒருபுறமும் சிறியது ஒருபுறமும் பிரிவதைப்போல. அதனால் வீட்டுச் சுவரை முதலில் தாக்குவது சேறு அன்று, பாறை. சேறு பின்னால் வந்து மூடுகிறது.

11. ஒருமுறை சரிந்த இடத்தில் மறுபடி சரியாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

சில இடங்களில் உண்மை: மண் முழுவதும் போய் அடிப்பாறை வெளித்தெரிந்தால், மீண்டும் மண் சேரும்வரை சரிய எதுவுமில்லை. ஆனால் அந்த வடுவின் மேல்விளிம்பும் பக்கங்களும் இப்போது பிடிமானமின்றி நிற்கின்றன. முண்டக்கையில் 1984இலும் சரிவு நேர்ந்து உயிர்கள் போயின. 2024இல் சரிந்த இடத்தில் பழைய வடு இருந்ததைச் செயற்கைக்கோள் படங்களும் காட்டின. நீலகிரியில் 1978, 1979, 1990, 1993, 2009 என்று ஆண்டுகள் நினைவில் நிற்கின்றன. 1990இல் கெத்தை, 1993இல் மரப்பாலம் என ஊர்கள் மாறினாலும் வகை மாறவில்லை: செங்குத்துச் சரிவு, ஆழமான சிதைமண், வடகிழக்குப் பருவமழை. “எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஒன்றும் நடக்கவில்லை” என்பது அறுபது எழுபது ஆண்டுக் கணக்கு. மலை வைத்திருக்கும் கணக்கு அதைவிட நீளமானது.

12. எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆபத்து?

எல்லா மலைக்கும் பொருந்தும் ஒற்றை எண் இல்லை. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 மி.மீ. தாண்டினால் எச்சரிக்கை, 150 மி.மீ. தாண்டினால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் வெளியேற்றம் என்று மூன்று படிகள் வைத்திருக்கிறது. நினைவில் வைக்க எளிய அளவுகோல். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மழையில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அன்றைய மழையோடு முந்தைய இரண்டு வார மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் 100 மி.மீ. போதும், காய்ந்திருந்தால் முதல் 100 மி.மீ. மண்ணுக்குள் அடங்கிவிடும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நீலகிரி, டார்ஜிலிங், காலிம்போங் மாவட்டங்களுக்கு மழைக்காலத்தில் சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதற்கென 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய மையம் தொடங்கப்பட்டது. வட்ட அளவில் வரும் அந்த அறிவிப்பு உங்கள் வீட்டுப் பின்சரிவைப் பற்றி எதுவும் சொல்லாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

13. மழை விட்டு வெயில் வந்துவிட்டது. இனிப் பயமில்லை அல்லவா?

மேற்பரப்பில் நீர் வடிந்துவிடும். உள்ளே இறங்கிய நீர் 5ஆம் விடையில் சொன்ன எல்லையை அடைய மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஆகலாம். ஆழமான சரிவுகள் மழை ஓய்ந்தபின் வருவது இதனால்தான். பொருளை எடுத்துவர வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் ஒரு நாளாவது பொறுத்திருங்கள்.

14. மரம் நட்டால் சரிவு நின்றுவிடும்தானே?

அரிப்பு பெருமளவு நிற்கும். ஆழமில்லாத சரிவுகள் குறையும். இலைகளும் சருகும் துளியின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன, வேர்கள் மண்ணைத் தைக்கின்றன, மரம் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. ஆனால் வழுக்கும் எல்லை பத்து மீட்டர் ஆழத்தில் இருந்தால், இரண்டு மீட்டர் வேர் அதைத் தொடுவதேயில்லை. மரமும் மண்ணோடு சேர்ந்து இறங்கும். வயநாட்டுச் சரிவு தொடங்கிய இடம் காடுதான்.

அதற்காக மரம் வீண் என்று எண்ண வேண்டாம். மரத்தை வெட்டினால் அதன் தீமை உடனே தெரியாது என்பதுதான் தந்திரமான பகுதி. வேர்கள் மண்ணுக்குள் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். அவை மக்கியபின், வெட்டியவர் மறந்துவிட்ட ஓர் ஆண்டில், மண் விடுபடும். உடனடிக் காப்புக்கு வெட்டிவேர் நல்லது; அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே ஆழமாக இறங்கும்.

15. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம்தான் ஜேசிபி வைத்து வெட்டினோம். அதற்கே இப்படியா?

சரிவின் அடிப்பகுதிக்கு இருக்கும் பொறுப்பு அதன் அளவைவிடப் பெரிது. மேலிருக்கும் மண் முழுவதும் அதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது. அரிசி மூட்டைகளின் அடுக்கில் அடிமூட்டையை உருவுவதும் மலையடியை வெட்டுவதும் ஒன்றே. அத்தோடு, வெட்டி எடுத்த மண்ணைப் பெரும்பாலும் வீட்டு முன்னால் கீழ்ச்சரிவில்தான் தள்ளுகிறார்கள். இறுக்கப்படாத அந்த மண், கீழ்வீட்டுக்காரரின் தலைக்குமேல் புதுப்பாரம். ஆக, ஒரே நாள் வேலையில் இரண்டு சரிவுகளுக்கு வழி செய்தாகிறது. சாலை அகலப்படுத்தும்போதும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் பெரிது.

16. தடுப்புச் சுவர் கட்டினோம், அதுவே விழுந்துவிட்டது. சிமென்ட் போதவில்லையா?

சுவரில் துளை விட்டிருந்தீர்களா என்று முதலில் கேட்பேன். மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர், நீரையும் சேர்த்துத் தாங்க நேர்ந்தால் தோற்கிறது. மூன்று மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு 3 டன் அழுத்தம் விழும். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சீரான இடைவெளியில் குழாய் வைத்து நீரை வெளியேற்ற வேண்டும். நான் பார்த்த ஒரு வீட்டில் குழாய்கள் முறையாக இருந்தன. எலி வருகிறது என்று ஒவ்வொன்றிலும் சாக்குத்துணி அடைத்திருந்தார்கள். அந்தச் சுவர் இரண்டாம் மழைக்காலத்தில் வயிறு தள்ளியது. கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவரில் நீர் தானே வடிவதால் இந்தத் தொல்லை குறைவு.

17. திருவண்ணாமலை தேயிலை மலையும் இல்லை, களிமண்ணும் இல்லை. அங்கே எப்படி?

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையார் மலையின் வ.உ.சி. நகர்ப் பக்கச் சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடியதில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். வறண்ட மலைகளில் மண் மெல்லிய போர்வை மட்டுமே; பெரிய உருண்டைப் பாறைகள் அந்தப் போர்வையில் பதிந்து நிற்கின்றன. மெல்லிய மண் விரைவில் நிறைந்துவிடும். அடியில் நீர் புகாத பாறை. பாறை உருண்டையைத் தாங்கிய மண் கரைந்தால், 2ஆம் விடையில் பார்த்த வெண்ணெய் உருண்டைக்கு வாய்த்த பாறை அடித்தளம் இதற்கு இல்லை. மழை குறைந்த ஊர் என்பதும் ஒரு குறைதான்: எப்போதாவது பெய்வதால் ஓடைத்தடம் காலி மனையாகத் தோன்றும், வீடு முளைக்கும்.

18. மழையே இல்லாமல் சரிவு வருமா?

வரும். நிலநடுக்கம் ஒரே உலுக்கலில் பிடியை விடுவிக்கும். 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில், மழையில்லாத குளிர்காலத்தில், ரோந்தி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. விழுந்த வேகத்தில் பனி உருகி, நீர்மின் நிலையங்களை வெள்ளமாக அடித்துச் சென்றது. நீரும் காற்றும் இல்லாத நிலவிலும்கூடச் சரிவுகள் உண்டு: 1972இல் அப்பல்லோ 17 இறங்கிய பள்ளத்தாக்கில் மலையிலிருந்து சரிந்து பரவிய வெளிர்நிறப் படிவு கிடக்கிறது. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். ஆனால் இழுப்பும் அழுத்தமும் சேர்ந்தே குறைவதால், உலர்மண் சரியத் தொடங்கும் சாய்வு அங்கும் இங்கும் ஏறத்தாழ ஒன்றே.

19. இப்படியே போனால் மலையெல்லாம் ஒருநாள் தட்டையாகிவிடுமா?

அவ்வளவு சீக்கிரம் ஆகாது. மேலே பாரம் குறையக் குறைய, அடியிலுள்ள புவி ஓடு படகைப்போல மெல்ல எழுகிறது. போனதில் பெரும்பகுதி இப்படி ஈடாகிறது. இழந்த மண்ணும் காணாமல் போய்விடவில்லை. பவானி வழியாகவும் மற்ற ஆறுகள் வழியாகவும் இறங்கியதில் ஒரு பங்கு அணைகளின் அடியில் கிடக்கிறது; அணைகள் இல்லாத காலத்தில் இறங்கியதன்மேல்தான் தஞ்சைக்காரர்கள் நெல் நடுகிறார்கள்.

20. கனமழையில் ஓடைத்தண்ணீர் திடீரென்று குறைந்துவிட்டது. நல்ல அறிகுறிதானே?

அதைவிடக் கெட்ட அறிகுறி குறைவு. மழை கொட்டும்போது ஓடை வற்றினால், மேலே எங்கோ சரிந்த மண் ஓடையை அடைத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். தேங்கிய நீர் அந்தத் தடுப்பை உடைத்துக்கொண்டு வரும். ஓடைநீர் திடீரென்று கலங்குவது, வேரோடு மரங்கள் மிதந்து வருவது, புதிய இடத்தில் ஊற்று கிளம்புவது, தரையில் பிறைவடிவ விரிசல், மேலிருந்து கற்கள் உரசும் ஒலி, திடீரென எழும் மண்வாசனை ஆகியவையும் இதே வரிசை. இலங்கையின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், 2005இலும் 2011இலும் இடம் மாறச் சொல்லி எச்சரிக்கப்பட்டிருந்த லயங்களை 2014 அக்டோபர் 29 காலையில் மலை மூடியது. போக வேறு இடம் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதுவதில்லை. ஆனால் அன்றைய இரவுக்காவது ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்.

கிளம்பும்போது ஓடைவழியே கீழ்நோக்கி ஓட வேண்டாம், அது வரும் வழியும் அதுதான். பாலத்தைக் கடக்க வேண்டாம். ஓடையைக் கடக்காமல், அதைவிட்டு விலகிப் பக்கவாட்டில் மேடேறுங்கள். எதிரொலியால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இரவில் தெரியாது என்பதால், அந்த மேடு எது, அங்கே போகும் வழி எது என்பதைப் பகலிலேயே வீட்டிலுள்ள எல்லாரும் ஒருமுறை நடந்து பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.